கம்பெனில நான் ஒருத்தி மட்டும்தான் யூசர் ரிசர்ச்சர், முதல் 3 மாசம் எப்படி ஆரம்பிக்கறது?

தனித்தூண்:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டு உங்க அனுபவத்த சொல்லுங்க.

இன்னும் 2 வாரத்துல புது வேலைல சேரப்போறேன். இதுக்கு முன்னாடி 5 வருஷம் ஒரு பெரிய யூசர் ரிசர்ச் டீம்ல (ப்ராடக்ட்ட யூஸ் பண்றவங்ககிட்ட பேசி அவங்க தேவைய, கஷ்டத்த கண்டுபிடிக்கற வேலை) இருந்தேன், மொத்தம் 9 பேர், மேல ஒரு லீட், இன்டர்வியூவுக்கு ஆள் புடிச்சுக் குடுக்கறதுக்குன்னே தனியா ஒருத்தர், பேச வர்றவங்ககிட்ட சம்மதம் வாங்கற கன்சென்ட் ஃபார்ம் எல்லாம் ஏற்கனவே ரெடியா இருக்கும், நான் போய் பேசி, குறிப்ப அலசி, ரிப்போர்ட் போட்டா என் வேலை முடிஞ்சுது. இப்ப போற கம்பெனில 120 பேர், 4 ப்ராடக்ட் டீம், 5 டிசைனர், ஆனா ரிசர்ச்சுக்குன்னு நான் ஒருத்தி மட்டும்தான். எனக்கு முன்னாடி அந்த நாற்காலில யாரும் உக்காந்ததில்ல.

சேர்றதுக்கு முன்னாடியே மேனேஜர் ஒரு லிஸ்ட் அனுப்பிட்டாங்க. ஒரு டீமுக்கு புது சைன்-அப் பக்கத்த டெஸ்ட் பண்ணனும், இன்னொரு டீமுக்கு பர்சோனா (ஒரு வகை யூசர ஒரு கற்பனை ஆளா வரைஞ்சு காட்டற குறிப்பு) வேணும், மார்க்கெட்டிங்ல ஒரு பெரிய சர்வே கேக்கறாங்க, இன்னொருத்தர் ஆளுங்க ஏன் 2வது மாசமே விட்டுட்டுப் போறாங்கன்னு கண்டுபிடிக்கச் சொல்றார். எல்லாமே அவசரம்னு போட்டிருக்கு. இவ்வளவு ஆசையா காத்திருக்காங்கங்கறது சந்தோஷம்தான், ஆனா எங்க கைய வைக்கறதுன்னு தெரியல.

பயம் ரெண்டு இருக்கு. எல்லாருக்கும் சரி சரின்னு தலையாட்டி ஒண்ணையும் உருப்படியா முடிக்காம போயிடுவேனோன்னு ஒண்ணு. அடுத்தது இதவிடப் பெரிசு. நான் தப்பா புரிஞ்சுக்கிட்டா அத சொல்ல ஆளே கிடையாது. பழைய டீம்ல என் முடிவ கேள்வி கேக்க 8 பேர் இருந்தாங்க, இங்க நான் என்ன சொல்றேனோ அதுதான் யூசர் சொன்னதுன்னு எல்லாரும் எடுத்துக்குவாங்க. அந்தப் பொறுப்ப நினைச்சா தூக்கம் வரமாட்டேங்குது.

வாசல்படி:
வாழ்த்துகள்ங்க! ஒரே ஒரு விஷயம். முதல் வாரத்துலயே மேனேஜர்கிட்ட கேளுங்க: இத்தனை வருஷம் ரிசர்ச்சர் இல்லாம ஓடின கம்பெனி இப்ப ஏன் ஒருத்தர எடுக்கணும்னு முடிவு பண்ணுச்சு, எந்த சம்பவத்துக்கு அப்பறம்? எனக்கு இந்தக் கேள்விக்கு வந்த பதில், 6 மாசம் உழைச்சு கட்டின ஒரு ஃபீச்சர யாரும் தொடலங்கறது. யாரு எதுக்காக என்னைத் தேடினாங்கன்னு அதுலயே தெரிஞ்சிருச்சு.

இரண்டாம்சுற்று:
நான் இந்த மாதிரி தனி ஆளா 2 கம்பெனில இருந்திருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

மொத இடத்துல கேட்டதுக்கெல்லாம் சரின்னேன். 4 மாசத்துல 11 ஸ்டடி முடிச்சேன். ரிவ்யூ சமயத்துல "உங்க ரிசர்ச்சால எந்த முடிவு மாறிச்சு"ன்னு கேட்டாங்க, ஒண்ணு கூட சொல்ல முடியல. ரொம்ப நாள் அது உறுத்துச்சு. திரும்ப எடுத்துப் படிச்சுப் பாத்தா ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, போய்ச் சேர்ந்த நேரம்தான் தப்பு. அங்க 3 மாசத்துக்கு ஒருதடவ பிளானிங் நடக்கும், அது முடிஞ்சு 2 வாரம் கழிச்சு என் ரிப்போர்ட் போகும், அதுக்குள்ள டெவலப்பருங்க கோட் எழுத ஆரம்பிச்சிருப்பாங்க, அப்பறம் யாரு நிறுத்துவா சொல்லுங்க.

அதனால ரெண்டாவது இடத்துல முதல் 4 வாரம் நான் யூசர்கிட்ட போகவே இல்ல, கம்பெனிக்குள்ள இருக்கறவங்களத்தான் இன்டர்வியூ எடுத்தேன். ப்ராடக்ட் மேனேஜர், டிசைனர், டெவலப்பர், சேல்ஸ், சப்போர்ட்னு 22 பேர். அப்ப ஒண்ணு கவனமா இருந்தேன், உங்களுக்கு என்ன ரிசர்ச் வேணும்னு யாரையும் கேக்கல. அப்படிக் கேட்டா பர்சோனா, சர்வேன்னு பொருளோட பேரத்தான் சொல்லுவாங்க, உங்க லிஸ்ட் இருக்கற மாதிரியே. அதுக்குப் பதிலா கடைசியா நீங்க எடுத்த பெரிய முடிவு என்ன, அத எப்படி எடுத்தீங்க, யாரெல்லாம் ஒத்துக்க வேண்டியிருந்துச்சு, அப்ப தெரியாம தவிச்ச விஷயம் என்னன்னு நடந்தத கேட்டேன். யூசர்கிட்ட நாம எப்படி கேப்போமோ அதே முறைதான். 1954-ல ஃப்ளானகன்ங்கற உளவியலாளர் எழுதின கிரிட்டிகல் இன்சிடென்ட் முறையோட அடிப்படையும் இதுதான், பொதுவான அபிப்ராயத்த விட்டுட்டு நடந்த ஒரு சம்பவத்த புடிச்சு இழுக்கறது.

அதுல என்ன வந்துச்சுன்னா, 2 ப்ராடக்ட் மேனேஜர் ஒரே யூசர் கூட்டத்தப் பத்தி நேர் எதிரா நம்பிக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தர் அவங்க தினமும் வர்றாங்கங்கறார், இன்னொருத்தர் மாசக் கடைசில மட்டும் வர்றாங்கங்கறார், ஒரு வருஷமா அந்த வாக்குவாதம் ஓடுது. அனலிட்டிக்ஸ்ல, அதாவது யார் எப்ப வந்தாங்கன்னு தானா பதிவாகற கணக்குல, அரை மணி நேரம் பாத்தா பதில் கிடைச்சிருச்சு. ஒரு யூசர்கிட்டயும் பேசாம நான் செஞ்ச அந்த சின்ன வேலைதான் எனக்கு அங்க மரியாதைய வாங்கிக் குடுத்துச்சு.

ரெண்டாவது, ஏற்கனவே கிடக்கறத படிங்க. சப்போர்ட் டிக்கெட், கேன்சல் பண்றவங்க எழுதிட்டுப் போன காரணம், சேல்ஸ் கால் ரெக்கார்டிங், யாரோ எப்பவோ எடுத்த சர்வே. நான் 200 டிக்கெட்ட ஒண்ணொண்ணா கண்ணால படிச்சேன், 2 நாள் ஆச்சு. ஆனா சப்போர்ட்டுக்கு எழுதறவங்க பிரச்சனைய வாய் விட்டு சொல்றவங்க, சத்தமில்லாம விட்டுட்டுப் போனவங்க அதுல இருக்கவே மாட்டாங்க. உங்க 2வது மாசக் கேள்விக்கு ஆள் தேடும்போது இத மறந்துடாதீங்க.

அப்பறம் அந்த லிஸ்ட். ஒவ்வொரு கோரிக்கைக்கும் நான் கேக்கறது: இது எந்த முடிவுக்கு, அந்த முடிவ எந்தத் தேதில எடுப்பீங்க, பதில் இப்படி வந்தா என்ன செய்வீங்க, நேர்மாறா வந்தா என்ன செய்வீங்க. ரெண்டுக்கும் ஒரே பதில் வந்தா அங்க ஸ்டடி தேவையே இல்ல. எல்லாத்தையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு கம்பெனி பூரா பாக்கற மாதிரி திறந்து வச்சேன். முடியாதுன்னு நான் யார்கிட்டயும் சொல்ல வேண்டியிருக்கல, வரிசையும் தேதியும் எல்லாருக்கும் தெரிஞ்சது, முந்தணும்னா அவங்களே இன்னொரு டீம்கிட்ட பேசிக்கிட்டாங்க. அகலக்கால் மட்டும் வைக்காதீங்க, ஒரு ஆள் ஒரே சமயத்துல 1 பெரிய ஸ்டடி, 1 சின்ன ஸ்டடி, அவ்வளவுதான் தாங்கும்.

வழிகாட்டிப்பலகை:
மேல சொன்னதுல எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. 4 டீமுக்கு ஒரு ஆள் எப்பவும் பத்தாது. அதனால ப்ராடக்ட் மேனேஜருங்களுக்கும் டிசைனருங்களுக்கும் இன்டர்வியூ எடுக்கறத கத்துக் குடுத்து அவங்களயே எடுக்க விடறதுதான் ஒரே வழி. முதல் மாசமே ஒரு டிரெய்னிங் வைங்க, டெம்ப்ளேட் குடுங்க, நீங்க மேற்பார்வை பாருங்க.

மெதுநடை:
இத நான் செஞ்சு பாத்து கை சுட்டுக்கிட்டேன், அதனால அழுத்திச் சொல்றேன். அரை நாள் டிரெய்னிங் முடிச்ச ஒரு ப்ராடக்ட் மேனேஜர் 8 பேர்கிட்ட போய் "இந்த ஃபீச்சர் இருந்தா யூஸ் பண்ணுவீங்களா"ன்னு கேட்டார். 8 பேரும் ஆமான்னாங்க. எதிர்ல உக்காந்து ஆசையா கேக்கற மனுஷன்கிட்ட இல்லன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்? டீம் 3 மாசம் கட்டுச்சு, வெளிய விட்டாங்க, ஆள் வரல. அப்பறம் மீட்டிங்ல எல்லாரும் சொன்னது "ரிசர்ச் பண்ணித்தானே செஞ்சோம்". அந்த ஒரு வாக்கியத்த துடைக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. தனி ஆளா இருக்கறப்ப ரிசர்ச்ங்கற பேர்ல நடக்கற ஒவ்வொரு தப்பும் உங்க கணக்குலதான் விழும்.

வழிகாட்டிப்பலகை:
அது டிரெய்னிங் பத்தாததால வந்த பிரச்சனைன்னுதான் நான் சொல்லுவேன். ஆனா நீங்க சொல்ற ஆபத்து நிஜம், ஒத்துக்கறேன். எங்க இடத்துல ஒரு கோடு போட்டிருந்தோம்: ஏற்கனவே இருக்கற ஸ்கிரீன்ல சின்ன மாத்தத்துக்கு டெஸ்ட்னா, நான் எழுதிக் குடுத்த டாஸ்க்க வச்சு டிசைனர் நடத்தலாம். என்ன கட்டணும்னு தெரியாத நிலைல எடுக்கற இன்டர்வியூ, பணக் கஷ்டம் உடம்புக் கஷ்டம் மாதிரி நொந்த விஷயங்களத் தொடற இன்டர்வியூ, இது ரெண்டையும் நான் மட்டும்தான் எடுப்பேன்.

இரண்டாம்சுற்று:
இந்தக் கோடு எனக்கும் சரின்னு படுது. நடத்த விடறதுக்கு முன்னாடி பாக்க விடுங்கன்னு சேத்துக்குவேன். ஜாரெட் ஸ்பூல்ங்கற யூசர் ரிசர்ச் நிபுணர் 2011-ல சொன்ன ஒரு கணக்கு உண்டு, டீம்ல இருக்கற ஒவ்வொருத்தரும் 6 வாரத்துக்கு குறைஞ்சது 2 மணி நேரம் நிஜ யூசர நேர்ல பாக்கணும்னு. டெவலப்பர் ஒருத்தர் தான் எழுதின பட்டன தேடி ஒரு அம்மா 4 நிமிஷம் தடுமாறறத பாத்தா போதும், அதுக்கப்பறம் நீங்க 20 ஸ்லைடு போட வேண்டாம்.

கோட்டுரு:
நான் ரிசர்ச்சர் இல்ல, டெவலப்பர். உண்மையாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். எங்க ரிசர்ச்சர் 5 பேர்கிட்ட டெஸ்ட் பண்ணிட்டு இத மாத்துங்கன்னு சொல்றாங்க, எங்ககிட்ட லட்சக்கணக்குல யூசர் இருக்காங்க. 5 பேர எப்படி நம்பறது?

எண்ணும்எழுத்தும்:
நல்ல கேள்வி, தனித்தூண், உங்ககிட்ட முதல் மாசமே இதக் கேப்பாங்க, பதில கையில வச்சுக்கோங்க.

அந்த 5-ங்கற எண் நீல்சன், லண்டவர்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1993-ல போட்ட கணக்குலேர்ந்து வந்தது, நீல்சன் 2000-ல எழுதினப்பறம் எல்லா இடத்துக்கும் பரவிடுச்சு. அவங்க பாத்த ப்ராஜெக்ட்டுகள்ல ஒரு யூசர் சராசரியா 31% பிரச்சனைல மாட்டினார். அப்படின்னா 5 பேர் பாத்தா கிட்டத்தட்ட 85% பிரச்சனை ஒருதடவையாவது கண்ணுல படும். ஆனா அந்த 31% எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 10 பேர்ல ஒருத்தர மட்டும் பாதிக்கற பிரச்சனைன்னா 5 பேர்ல அது கண்ணுல பட 41% வாய்ப்புதான், 85%க்கு கொண்டு போகணும்னா 18 பேர் வேணும். நீல்சனே 15 பேர ஒரே தடவ பாக்காதீங்க, 5 பேரப் பாத்து சரி பண்ணிட்டு திரும்ப 5 பேரப் பாருங்கன்னார்.

5 பேர் டெஸ்ட் இந்தப் பிரச்சனை இருக்குன்னு காட்டும். எத்தனை பேருக்கு இருக்குன்னு காட்டாது. 5-ல 4 பேர் மாட்டினா ரிப்போர்ட்ல 80%னு தயவுசெஞ்சு எழுதாதீங்க, நிஜ அளவு 40%க்கு கீழயும் இருக்கலாம் 95%க்கு மேலயும் இருக்கலாம். 5 பேர்ல 4 பேர்னே எழுதுங்க. எத்தனைங்கறதுக்கு அனலிட்டிக்ஸ் டீம்கிட்ட போங்க, அவங்கதான் தனி ரிசர்ச்சருக்கு மொத நண்பர். என்ன நடக்குதுன்னு அவங்ககிட்ட இருக்கும், ஏன்ங்கறது உங்ககிட்ட இருக்கும்.

கோட்டுரு:
இப்ப புரியுது, நன்றி. இத எங்க ரிசர்ச்சர் ஒருதடவ எங்க டீமுக்கு சொல்லியிருந்தா பாதி சண்டை வந்திருக்காது.

குறிப்பேடு:
யாரும் ஆள் புடிக்கறதப் பத்தி பேசல. தனி ஆளா இருக்கறப்ப நேரத்த முழுங்கறது அதுதான், இன்டர்வியூ ஒரு மணி நேரம்னா அதுக்கு ஆள் தேடி, மெயில் போட்டு, நேரம் ஒத்துப்பாத்து, வராதவங்களுக்கு மாத்து ஆள் புடிச்சு, நன்றித் தொகை அனுப்பி முடிக்க அதவிட அதிகமா போகும். முதல் மாசத்துலயே ப்ராடக்ட்குள்ள ஒரு சின்ன ஃபார்ம் வைங்க, பேச விருப்பம் இருக்கறவங்க பேர் குடுக்கட்டும். ஆனா அந்த லிஸ்ட்லேர்ந்து மட்டும் எடுத்தா உங்க ப்ராடக்ட்ட விரும்பறவங்கதான் திரும்பத் திரும்ப வருவாங்க, அதனால விட்டுட்டுப் போனவங்களுக்கு தனியா எழுதுங்க. ஒரே ஆள 6 மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவ கூப்பிடாதீங்க, யாரை எப்ப கூப்பிட்டோம்னு குறிச்சு வைங்க.

கன்சென்ட் விஷயத்துல சமரசமே வேண்டாம். எதுக்கு பேசறோம், ரெக்கார்டிங்க யார் பாப்பாங்க, எத்தனை நாள் வச்சிருப்போம், நடுவுல வேண்டாம்னா எப்படி விலகறது, இத புரியற மொழில அரைப் பக்கத்துல எழுதி, பேச ஆரம்பிக்கும்போது வாயாலயும் சொல்லுங்க. ஐரோப்பால யூசர் இருந்தா 2018 மே மாசத்துலேர்ந்து ஜிடிபிஆர்ங்கற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமல்ல இருக்கு, லீகல்கிட்ட காட்டாம ஒரு ரெக்கார்டிங் கூட எடுக்காதீங்க. நான் சேர்ந்த இடத்துல பழைய இன்டர்வியூ வீடியோவெல்லாம் கம்பெனி பூரா திறக்கற ஃபோல்டர்ல பேரோட கிடந்துச்சு. நம்மள நம்பி பேசினவங்க அவங்க. முதல் வாரமே அத பூட்டினேன்.

பின்வரிசை:
எங்க தலைமை என்பிஎஸ் (இத மத்தவங்களுக்கு சிபாரிசு பண்ணுவீங்களான்னு யூசர்கிட்ட 0-லேர்ந்து 10 வரைக்கும் மார்க் கேட்டு எடுக்கற கணக்கு) நம்பர ஏத்திக் குடு, அதுதான் உன் வேலைன்னு சொல்றாங்க. இங்க யாருக்காவது அப்படி நடந்திருக்கா?

எண்ணும்எழுத்தும்:
நடந்திருக்கு. 9, 10 போட்டவங்க சதவீதத்துலேர்ந்து 0 முதல் 6 வரைக்கும் போட்டவங்க சதவீதத்த கழிக்கறதுதான் என்பிஎஸ். ஒரு கம்பெனில 50% பேர் 9-10 போட்டு 20% பேர் 0-6 போட்டாலும் 30, இன்னொரு கம்பெனில 30% பேர் 9-10 போட்டு ஒருத்தர் கூட 0-6 போடலன்னாலும் 30. ரெண்டு கம்பெனியும் செய்ய வேண்டிய வேலை வேற வேற. இந்த உதாரணத்த அப்படியே தலைமைகிட்ட காட்டுங்க, அப்பறம் நம்பரோட சேத்து ஏன்னு ஒரு திறந்த கேள்வி கேட்டு அந்த பதில்கள தொகுத்துக் குடுக்கறேன்னு சொல்லுங்க. நம்பர ஏத்தறது ரிசர்ச்சர் கையில இல்ல.

தனித்தூண்:
எல்லாருக்கும் மனசார நன்றி. இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. ஆனா என் ரெண்டாவது பயத்துக்கு இன்னும் பதில் வேணும். தப்பா புரிஞ்சுக்கிட்டா யார் சொல்லுவா?

மெதுநடை:
இது எனக்கும் ரொம்ப நெருக்கமான கேள்வி. நான் பண்றது இதுதான். ஒவ்வொரு ஸ்டடிலயும் 2 இன்டர்வியூ எழுத்துவடிவ ஒரு டிசைனர்கிட்ட குடுத்து, என் முடிவ சொல்லாம, முக்கியம்னு படறத தனியா குறிக்கச் சொல்லுவேன். அப்பறம் ரெண்டு பேரும் உக்காந்து ஒப்பிடுவோம். ஒத்துப்போகாத இடம்தான் தங்கம், அங்கதான் என் ஆசை என் காதுக்குள்ள பேசியிருக்கும். ஸ்டடி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் என்ன எதிர்பாக்கறேன்னு தேதி போட்டு எழுதி வைப்பேன், முடிஞ்சதும் எடுத்துப் பாப்பேன், எல்லாமே நான் நினைச்ச மாதிரியே வந்திருந்தா இன்டர்வியூவ திரும்பக் கேப்பேன்.

ரிப்போர்ட்ல ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்துல எத்தனை பேர்கிட்டேர்ந்து வந்துச்சு, எதிரா பேசினவங்க யாராவது உண்டான்னு எழுதுங்க. எதிரா பேசின அந்த ஒருத்தர விட்டுடாதீங்க. வெளில இதே மாதிரி தனியா இருக்கற இன்னொரு ரிசர்ச்சர் கிடைச்சா மாசம் ஒருதடவ பேசிக்கோங்க, கம்பெனி ரகசியத்த தொடாம கேள்விப் பட்டியல மட்டும் மாத்திப் பாத்துக்கிட்டாலே பாதி தப்பு அங்கயே மாட்டிக்கும்.

தனித்தூண்:
சேர்ந்து 10 வாரம் ஆச்சு, என்ன நடந்துச்சுன்னு எழுதுறேன்.

முதல் 3 வாரம் உள்ள இருக்கறவங்க 18 பேர்கிட்ட பேசினேன். ஏன் என்னை எடுத்தாங்கன்னு கேட்டதுக்கு 4 பேர் 4 காரணம் சொன்னாங்க, அத ஒரே பக்கத்துல போட்டு மேனேஜர்கிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தாங்க. அந்த ஒரு பக்கத்த வச்சுதான் என் 6 மாசத் திட்டமே உருவாச்சு.

லிஸ்ட்ல இருந்த 4 அவசரத்துல, பர்சோனா கேட்டவங்களுக்கு முடிவுன்னு ஒண்ணும் இல்ல, பேசினதும் அவங்களே எடுத்துட்டாங்க. சர்வேயும் தள்ளிப் போயிருக்கு. சைன்-அப் டெஸ்ட் 5 பேர வச்சு 2 சுத்து செஞ்சேன், 3 டெவலப்பர் வந்து உக்காந்து பாத்தாங்க, அவங்க பாத்த அன்னிக்கே ஒரு பிழை மெசேஜ மாத்திட்டாங்க. ரிப்போர்ட் எழுதறதுக்கு முன்னாடியே!

2வது மாசம் விட்டுட்டுப் போறவங்க விஷயம்தான் இப்ப என் பெரிய ஸ்டடி. 40 பேருக்கு எழுதினேன், 7 பேர் பேச வந்தாங்க. நான் முன்னாடியே எழுதி வச்சது, கஷ்டமா இருக்கறதால போறாங்கன்னு. 7 பேர்ல 5 பேர் சொன்னது, வந்த வேலை முதல் மாசத்துலயே முடிஞ்சு போச்சுன்னு. டிசைனர்கிட்ட குடுத்து குறிக்கச் சொன்னப்ப அவங்களுக்கும் அதேதான் வந்துச்சு. எழுதி வைக்காம இருந்திருந்தா இந்த 5 பேர் பேச்சையும் நான் கஷ்டம்ங்கற பெட்டிக்குள்ள போட்டிருப்பேன், சத்தியமா. மெதுநடை, இதுக்கு உங்களுக்கு தனியா நன்றி.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. அடுத்த வருஷம் இன்னொரு ஆள் எடுக்கலாம்னு மேனேஜர் சொல்றாங்க. இன்னொரு ரிசர்ச்சர் கேக்கறதா, ஆள் புடிச்சு நேரம் ஒழுங்கு பண்ற ஒருத்தர கேக்கறதா?

குறிப்பேடு:
ரெண்டாவதுதான், யோசிக்கவே வேண்டாம். ரிசர்ச்சர் வந்தாலும் ரெண்டு பேரும் சேர்ந்து மெயில்தான் போட்டுட்டு இருப்பீங்க. இந்த 10 வாரத்துல ஆள் தேடறதுக்கு மட்டும் எத்தனை மணி நேரம் போச்சுன்னு காலண்டர்லேர்ந்து எண்ணி எடுத்துட்டுப் போங்க.

தனித்தூண்:
எண்ணினேன். 61 மணி நேரம். நாளைக்கு மீட்டிங்ல இத வைக்கறேன்.